உம்மம்மாவின் கண்ணும் எனது கணக்கும்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் திருகோணமலை உள்துறைமுகத்தின் விளக்குகள் தெரியும். பொழுதுபட்டதும் அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பது உம்மம்மாவின் வழக்கம். ஒருநாள், "வெளக்கெல்லாம் புகைஞ்சு தெரியுது புள்ள" என்றார். மழை மூட்டமாக இருக்கும் என்றேன். நான் அப்போது உயர்தரத்தில் கணிதப் பிரிவு மாணவி. அது மூட்டமல்ல; நீரிழிவு அவரது விழித்திரையைப் பாதித்திருந்தது. கண் வைத்தியரிடம் போனபோது ஒரு கண்ணின் பார்வை பெரும்பாலும் போயிருந்தது.

அன்புத் தங்கைகளே, இன்று நான் முதுமாணிப் படிப்பில், சுகாதாரத் தரவுகளைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு ஆராயக் கற்கிறேன். அது என்ன படிப்பு என்று கேட்பவர்களுக்கு உம்மம்மாவின் கண்ணைக் கொண்டே விளக்குவேன்.

நீரிழிவு நீண்டகாலம் இருந்தால் விழித்திரையின் நுண்ணிய குருதிக்குழாய்கள் பழுதடைந்து கசியும். ஆரம்பத்தில் வலியும் இராது, மங்கலும் இராது. விழித்திரையை ஒழுங்காகப் படமெடுத்துப் பார்த்து வந்தால் முன்கூட்டியே கண்டறிந்து, லேசர் போன்ற சிகிச்சைகளால் பார்வையைக் காக்கலாம். ஆனால் நோயாளர் பல இலட்சம். படங்களைப் பார்த்துச் சொல்லும் கண் வைத்தியர்களோ சிலர்.

இங்கேதான் கணினி உதவிக்கு வருகிறது. 1976இல் மதுரையில் வைத்தியர் கோ. வெங்கடசாமி 11 கட்டில்களுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், சென்னையின் சங்கர நேத்ராலயாவும் கூகுள் ஆய்வாளர்களுடன் இந்த வேலையில் இணைந்தன. 2016இல் வெளியான ஆய்வில், இந்தியாவிலும் அமெரிக்காவிலும் எடுக்கப்பட்ட 128,175 விழித்திரைப் படங்கள் பயன்பட்டன. 54 கண் வைத்தியர்கள் அவற்றைத் தரம்பிரித்தார்கள். ஒவ்வொரு படத்தையும் 3 முதல் 7 பேர் வரை பார்த்தார்கள். கணினி தனது விடையை வைத்தியர்களின் விடையோடு ஒப்பிட்டு, பிழைக்கேற்பத் தன் உள்ளிருக்கும் எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டது. இதுவே இயந்திரக் கற்றல்.

எனது முதல் ஒப்படையும் இதைப் போன்றதே. நான் எழுதிய நிரல் 95 வீதம் சரியான விடை தந்தது. பெருமையோடு காட்டினேன். விரிவுரையாளர் ஒன்றே ஒன்று கேட்டார்: "நோயுள்ளவர்களில் எத்தனை பேரைக் கண்டுபிடித்தது?" ஒருவரைக்கூட இல்லை!

கணக்கைப் பாருங்கள். 1000 பேரில் 50 பேருக்கு நோய் என்போம். எல்லோருக்கும் "நோயில்லை" என்று சொல்லும் நிரலும் 950 பேர் விடயத்தில் சரிதான். ஆனால் தவறவிட்ட அந்த 50 பேரும் யாரோ ஒரு வீட்டு உம்மம்மா. ஆகவே இரண்டு கேள்விகள் வேண்டும். நோயுள்ளவர்களில் எத்தனை வீதத்தினரைப் பிடித்தது? இது உணர்திறன். நோயற்றவர்களில் எத்தனை வீதத்தினரைச் சரியாக விலக்கியது? இது தனித்தன்மை. இரண்டும் 90 வீதமானால் 45 நோயாளர் அகப்படுவர், 5 பேர் தப்பிவிடுவர்; நோயற்ற 95 பேரும் வீணாக அழைக்கப்படுவர்.

ஆய்வுகூடத்தில் வென்ற கருவி கிராமத்திலும் வெல்லும் என்பதில்லை. இதே போன்ற கருவியைத் தாய்லாந்தின் சிகிச்சை நிலையங்களில் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு 2020இல் வெளியானது. போதிய வசதியற்ற அறைகளில் தாதியர் எடுத்த படங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றைத் தரம் போதாதென்று கருவி ஏற்கவில்லை. அந்த நோயாளர் தூரத்து வைத்தியசாலைக்குப் போக நேரிட்டது. மூதூரிலோ குச்சவெளியிலோ கூலிவேலை செய்யும் ஒரு தாய்க்கு அப்படியொரு பயணம் என்றால் ஒருநாள் சம்பளம் போய்விடும். இதையும் எண்ணிப் பார்ப்பவரே நல்ல ஆய்வாளர்.

பெற்றோர்களே, "டொக்டராகாத பிள்ளைக்கு வைத்தியசாலையில் என்ன வேலை?" என்று கேட்காதீர்கள். புள்ளிவிபரவியல், நிகழ்தகவு, கணினி நிரலாக்கம் ஆகியவையே இத்துறையின் அத்திவாரம். நமது மாவட்டத்திலேயே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் கற்கலாம். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் செயற்கை நுண்ணறிவில் முதுமாணிப் படிப்பு உண்டு. வைத்தியரானவர்களுக்கும் வழியுண்டு: கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் உயிர்மருத்துவத் தகவலியலில் முதுமாணிப் பட்டம் வழங்குகிறது.

உம்மம்மாவின் கிளினிக் கொப்பியை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆண்டுக்கணக்காக அவரது சீனியின் அளவு அதில் இருக்கிறது. கண்ணைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எழுதப்படாததை எந்த இயந்திரமும் கற்காது. இன்றிரவு உங்கள் வீட்டில் சீனி வருத்தம் உள்ளவர்களிடம், கடைசியாக எப்போது கண்ணைக் காட்டினீர்கள் என்று கேளுங்கள். அந்தத் திகதியை அவர்களது கொப்பியில் எழுதிவையுங்கள். நான் உயர்தரம் படித்த காலத்தில் கேட்காமல் விட்ட கேள்வி அது.