முன்பாதம் வலித்தால் ஓடலாமா?

குறுக்கோட்டப் பயிற்சி தொடங்கி இரண்டு மூன்று வாரம் ஆனதும் சில மாணவர்கள் ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் குதிகாலையோ கணுக்காலையோ காட்டமாட்டார்கள். விரல்களுக்குச் சற்றுப் பின்னால், தரையில் அழுந்தும் சதைப்பற்றான மேட்டைத் தொட்டுக் காட்டுவார்கள். அந்த இடம்தான் முன்பாதம். ஆசிரியரிடம் சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவாரோ என்ற பயத்தில் பலர் வாய் திறப்பதில்லை. இரண்டு நாள் ஓய்வில் போகும் வலி எது, உடனே சொல்லியாக வேண்டிய வலி எது என்று உங்களுக்கே பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

முதலில் பாதத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஒரு பாதத்தில் 26 எலும்புகள். அவற்றில் ஐந்து நீள எலும்புகள் பாதத்தின் நடுவிலிருந்து விரல்களை நோக்கிப் போகின்றன. மெட்டாடார்சல் என்பது இவற்றின் பெயர். இவற்றின் உருண்டையான முனைகள் வரிசையாக நிற்கும் இடமே முன்பாதம். பெருவிரலின் அடியில் மட்டும் தசைநாருக்குள் பதிந்தபடி இரண்டு குட்டி எலும்புகள் கூடுதலாக உண்டு. பழங்கால மருத்துவர்கள் இவ்வகை எலும்புகளை எள்ளோடு ஒப்பிட்டுப் பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் இன்றும் அந்தப் பெயர்தான். உண்மையில் இவை பட்டாணி அளவு இருக்கும். எள் என்று எந்த அளவை நினைத்துச் சொன்னார்களோ!

இனி ஒரு சின்னக் கணக்கு. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது. உங்கள் எடை 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நிற்கும்போது தரைமீது விழும் விசை ஏறக்குறைய 500 நியூட்டன். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் அது இரண்டிலிருந்து மூன்று மடங்காகும். 1,250 நியூட்டன் என்று கொள்வோம். தரையை உந்தித் தள்ளும் நொடியில் குதிகால் மேலே இருக்கும், முன்பாதம் மட்டுமே தரையில் இருக்கும். அதன் பரப்பு 50 சதுர சென்டிமீட்டர் என்றால் அழுத்தம் 250 கிலோபாஸ்கல். எண்ணெய் நிலையத்தில் அப்பா கார் டயருக்குக் காற்றடிக்கும்போது கருவியில் பாருங்கள், பெரும்பாலும் 220, 230 என்றுதான் இருக்கும். அதைவிட அதிகமான அழுத்தத்தை உங்கள் பாதம் தாங்குகிறது. 5 கிலோமீட்டர் ஓடினால் ஒவ்வொரு காலும் இரண்டாயிரம் முறைக்கு மேல் தாங்குகிறது.

இந்தக் கணக்கில் இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. விசை கூடினாலும் அழுத்தம் கூடும், பரப்பு குறைந்தாலும் கூடும். முனை குறுகலான காலணி விரல்களை நெருக்கி, சுமையை நடுவில் உள்ள இரண்டாம், மூன்றாம் எலும்புகளின் தலையில் கொண்டுபோய்க் குவிக்கிறது. ஆணிக்காலணி இன்னும் மோசம். குதிகாலில் மெத்தை இல்லாததால் உடம்பு முழுவதும் முன்பாதத்தில்தான் நிற்கும். கெண்டைக்கால் தசை இறுகியிருந்தாலும் குதிகால் சீக்கிரம் தரையை விட்டு எழும்பி, அந்தச் சுமையும் முன்னால் வந்து சேரும். கெண்டைக்காலை நீட்டிவிடும் பயிற்சியைப் பலர் அலுப்புப்பட்டு விட்டுவிடுகிறார்கள். முன்பாத வலிக்கு அதைவிட மலிவான மருந்து எனக்குத் தெரியாது.

தங்கா பத்து வட்டாரத்தில் ஓடுகிறவர்களுக்குத் தரையும் ஒரு பாடம். புத்திரி கடற்கரையின் காய்ந்த மணலில் கால் புதையும். விரல்கள் பிடித்துத் தள்ள வேண்டும். ஈர மணல் கெட்டியாக இருந்தாலும் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே திசையில் ஓடினால் இரண்டு காலும் ஒரே மாதிரி உழைப்பதில்லை, ஆகவே போன வழியே திரும்பி ஓடுங்கள். பள்ளித் திடலில் பழகியவர் ஒரே வாரத்தில் தார்ச் சாலைக்கு மாறினால் பாதம் அதற்குத் தயாராக இருக்காது.

“எங்கள் தாத்தா வெறுங்காலோடு பால்மரத் தோட்டம் முழுக்க ஓடினாரே!” என்று கேட்பீர்கள். ஓடினார், உண்மை. எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு மாரத்தான் ஓடித் தங்கம் வென்றார். அதே ரோமில் நம் நாட்டுத் தமிழர் மணி ஜெகதீசனும் ஓடினார். 1964-இல் தோக்கியோவில் இருவரும் மீண்டும் ஓடினார்கள். இம்முறை பிகிலா காலணி போட்டுக்கொண்டு ஓடி மறுபடியும் தங்கம் வென்றார். ஜெகதீசன் 1966 பேங்காக் ஆசியப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கினார், பிறகு மருத்துவரும் ஆனார். தாத்தாவின் பாதம் குழந்தைப் பருவத்திலிருந்தே வெறுங்காலில் பழகியது. பத்து வருடம் காலணிக்குள் இருந்த பாதத்தைத் திடீரென்று வெறுங்காலாக்கினாலும் வலிக்கும், மெல்லிய அடியுள்ள காலணிக்கு மாற்றினாலும் வலிக்கும். பால்வெட்டுத் தொழிலாளர்கள் போடும் கறுப்பு ரப்பர் காலணியை, “கம்போங் அடிடாஸ்” என்று செல்லப்பெயர் பெற்றதை, இன்று மலையேறுகிறவர்களும் விரும்பிப் போடுகிறார்கள். சேற்றில் அதன் பிடிப்பு அருமை. தார்ச் சாலையில் 5 கிலோமீட்டர் ஓட அது ஏற்றதல்ல.

இப்போது வலிக்கும் இடத்தைத் தேடுவோம். உட்கார்ந்து, கை கட்டைவிரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள்.

மேடு முழுவதும் பரவலாக எரிச்சலும் நோவும் இருந்து, ஓடியபின் கூடி, ஓய்வில் குறைந்தால் அது சுமை கூடியதன் அடையாளம். பெருவிரலின் அடியில் மட்டும் வலித்தால், விரலை மேலே வளைக்கும்போது கூடினால், அந்தக் குட்டி எலும்புகளின்மீது சந்தேகம். மூன்றாம், நான்காம் விரல்களின் நடுவே மின்சாரம் பாய்ந்ததுபோலச் சுள்ளென்று வந்து விரல் மரத்துப்போனால், காலுறைக்குள் கல் கிடப்பதுபோல் தோன்றினால், அங்கே ஒரு நரம்பு நெருக்கப்படுகிறது. அது உங்கள் வயதில் அபூர்வம். அகலமான காலணிக்கு மாறினாலே பலருக்குத் தணியும்.

அடுத்த இரண்டையும் கவனமாகப் படியுங்கள். இரண்டாம் விரலின் அடியில் வலியும் வீக்கமும் இருந்து, விரலை மடக்க முடியாமல் இறுகினால், அந்த எலும்பின் தலைக்கு இரத்த ஓட்டம் குறைந்து அது நசுங்கத் தொடங்கியிருக்கலாம். 1914-இல் ஃபிரைபெர்க் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் இதை விவரித்தார். வளரும் வயதில், குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, அதிகம் வருவது இது. சகித்துக்கொண்டு ஓடினால் எலும்பின் உருண்டை தட்டையாகி, மூட்டு நிரந்தரமாகக் கெட்டுவிடக்கூடும்.

மற்றொன்று அயர்ச்சி முறிவு. சுங்கை ஊடாங் பக்கம் உள்ள தெரண்டாக் இராணுவ முகாமைக் கடந்து போயிருப்பீர்கள். அந்த முறிவின் பழைய பெயரே “அணிவகுப்பு முறிவு”தான். 1855-இல் பிரெய்த்ஹாப்ட் என்ற பிரஷ்ய இராணுவ மருத்துவர், நெடுந்தூரம் நடந்த சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதை எழுதிவைத்தார். எலும்பு விரிசல் விட்டிருப்பதைக் காண அன்று வழியில்லை. 1895-இல் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டு, 1897-இல் தான் அந்த விரிசல் படத்தில் தெரிந்தது. எலும்பு உயிருள்ள பொருள். தேய்ந்த இடத்தைத் தினமும் தானே செப்பனிடும். செப்பனிடும் வேகத்தைத் தேய்மானம் முந்திக்கொண்டால் விரிசல் விழும். பாதத்தின் மேற்புறம் ஒரு விரல்நுனி அளவான இடத்தில், எலும்பின்மீது குத்துவதுபோல் வலிப்பது இதன் அடையாளம். நாளாக நாளாக நடக்கும்போதும் வலிக்கும், இரவில் படுத்திருக்கும்போதும் வலிக்கும். போதுமான அளவு சாப்பிடாமல் எடையைக் குறைத்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்கும், மாதவிலக்கு நின்றுபோன பெண்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். இந்த வலியைப் பாட்டியிடம் காட்டி எண்ணெய் தேய்த்து உருவி விடச் சொல்லாதீர்கள். வலிமாத்திரை போட்டுக்கொண்டு இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓடவும் கூடாது. மாத்திரை வலியை மறைக்கும், விரிசல் பெரிதாகும்.

பரவலான வலிக்கு வீட்டிலேயே செய்ய வேண்டியவை எளியவை. ஒரு வாரம் இரண்டு வாரம் ஓட்டத்தை நிறுத்தி, நீச்சலோ மிதிவண்டியோ செய்யுங்கள். மூச்சும் இதயமும் பயிற்சியை இழக்கா. துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் வைக்கலாம். காலணிக்குள் வைக்கும் சிறு மெத்தைத் திண்டு கடைகளில் கிடைக்கிறது. பலர் அதை வலிக்கும் இடத்துக்கு நேர் அடியில் ஒட்டிவிடுகிறார்கள். அங்கே ஒட்டினால் அழுத்தம் கூடத்தான் செய்யும். வலிக்கும் மேட்டுக்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக வைத்தால் எலும்பின் தலை தூக்கப்பட்டு, சுமை பின்னுக்குப் போகும். அரை மணி நேரம் வேகமாக நடந்தும், ஒற்றைக் காலில் பத்து முறை குதித்தும் வலி இல்லை என்றால், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று திரும்பத் தொடங்கலாம்.

ஒரு புள்ளியில் குத்தும் வலி, வீக்கம், இரவு வலி, மடங்காத விரல், இரண்டு வாரமாகியும் குறையாத நோவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பெற்றோரோடு சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். ஓடும் காலணியைக் கையோடு கொண்டுபோங்கள். அடிப்பகுதி எங்கே தேய்ந்திருக்கிறது என்பது மருத்துவருக்குப் பல செய்தி சொல்லும். எத்தனை நாளாக வலிக்கிறது, பயிற்சியை எப்போது கூட்டினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அயர்ச்சி முறிவு முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். முதல் படத்தில் ஒன்றுமில்லை என்று வந்தும் வலி அதே புள்ளியில் நின்றால், மறுபடி போய்க் காட்டுங்கள், அதுவரை ஓடாதீர்கள்.