கலைஞரும் ஊரும்

தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையே உள்ளது மேலகரம் என்னும் ஊர். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் அதுவே. அந்நூலில் வரும் குறத்தி ஊர்தோறும் நடந்து குறி சொல்லிப் பிழைப்பவள். தலைவி வசந்தவல்லி அவளிடம் மலைவளம் கேட்கிறாள். குறத்தி திரிகூட மலையைத் தன் மலை என்றே பெருமிதத்துடன் பாடுகிறாள். வேற்றூர்த் தெருவில் நிற்கும் அவளை இன்னாள் என்று அறிவிப்பது அம்மலையே.

கடல் கடந்து செல்லும் கலைஞர் நிலையும் இத்தகையதே. தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் உள்ள செங்கோட்டையில் 1906-ஆம் ஆண்டு பிறந்தவர் நாடக நடிகர் எஸ். ஜி. கிட்டப்பா. அவர் பெயரின் முதலெழுத்து செங்கோட்டையைக் குறிக்கும். அடுத்தது தந்தையார் கங்காதர ஐயரைக் குறிக்கும். தந்தை பெயருக்கும் முன்னே ஊர்ப்பெயர் நிற்றல் காண்க! அந்நாளில் செங்கோட்டை திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்தது. ஆதலின் ஆட்சி முறையால் அவர் திருவிதாங்கூர்க் குடிமகனார். மொழியாலும் இசையாலும் தமிழர்.

ஒலிபெருக்கி பரவாத அக்காலத்தில், மிக உயர்ந்த சுருதியில் பாடி அவையினரை ஈர்த்தவர் கிட்டப்பா. 1920-களில் அவர் கொழும்பு நகருக்கு நடிக்கச் சென்றார். காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் அங்கு முன்னரே நடித்துப் புகழ் பெற்றிருந்தார். இருவரும் அந்நகர மேடையில் இணைந்து நடித்தனர். பின்னர் மணம் புரிந்துகொண்டனர்.

தாய்நாட்டில் ஒருவர் மன்னராட்சிப் பகுதியினர். மற்றவர் ஆங்கிலேயர் நேரே ஆண்ட கோயம்புத்தூர் மாவட்டத்தினர். ஈழத்தில் இவ்வேற்றுமையைக் கருதியவர் யார்? வாணிகம் செய்யவும் கூலிக்கு உழைக்கவும் திருநெல்வேலிச் சீமையினின்று சென்ற தமிழர் அங்குப் பலர். அவர்கட்கு இவ்விருவரும் தமிழ் நடிகர், அவ்வளவே. பிறந்த ஊர் பெயரில் நிலைத்தது. சென்று தங்கிய ஊரோ எல்லைக் கோட்டை மறப்பித்தது. பிறந்த ஊர் தரவியலாத ஒன்றைச் சில வேளை அயலூர் தந்துவிடும் போலும்!

சுந்தராம்பாள் பிற்காலத்தில் பல்லாண்டு புகழுடன் வாழ்ந்தபோதும், 'கொடுமுடி கோகிலம்' என்றே வழங்கப்பெற்றார். கிட்டப்பாவுக்கோ நீண்ட ஆயுள் வாய்க்கவில்லை. 1933-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், 27 வயதிலேயே மறைந்தார். அவர் பெயரின் முதலெழுத்தாக நின்ற செங்கோட்டை, அதன்பின் 23 ஆண்டுகள் கழித்து, 1956 நவம்பர் முதல் நாளில்தான் அந்நாளைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது.