எண்டோமெட்ரியோசிஸ் வலிக்குக் கன்னாபிடியால் உதவுமா?

"டாக்டர், சி.பி.டி. எண்ணெய் எடுத்துக்கொண்டால் இந்த வலி குறையும் என்கிறார்களே, வாங்கலாமா?" என்னும் கேள்வியைப் புறநோயாளிப் பிரிவில் அண்மைக் காலமாக அடிக்கடி கேட்கிறேன். கேட்பவர் பெரும்பாலும் பல ஆண்டுகள் வலியைப் பொறுத்துக்கொண்டவர். "பெண்ணாய்ப் பிறந்தால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்ற பேச்சைக் கேட்டுச் சலித்தவர். அவருக்கு 'வேண்டாம்' என்ற ஒற்றைச் சொல் போதுமான விடையாகாது.

கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு, சினைப்பை, குடல், இடுப்பறைச் சுவர் போன்ற இடங்களில் வளர்வதே எண்டோமெட்ரியோசிஸ். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு இந்நோய் உள்ளது. வலி மாத்திரை, ஹார்மோன் மருந்து, லேப்ராஸ்கோப்பி அறுவை ஆகியவை பலருக்குப் பயன் தருகின்றன. சிலருக்கோ வலி மீண்டும் வந்துவிடுகிறது. புதிய மருந்தைத் தேடுவது அவர்களுக்காகத்தான்.

கன்னாபிடியால் என்னும் சி.பி.டி. கஞ்சாச் செடியில் உள்ள வேதிப்பொருள்களுள் ஒன்று. போதை தருவது டி.எச்.சி. என்னும் வேறொரு பொருள். தூய்மைப்படுத்திய சி.பி.டி.யை, குழந்தைப் பருவத்தில் தொடங்கும் இரு கடுமையான வலிப்பு நோய்களுக்கான மருந்தாக அமெரிக்க அரசு 2018இல் ஏற்றது. எனவே இதனை வெறும் கைமருந்து என்று ஒதுக்க இயலாது. ஆயினும் வலிப்புக்குப் பயன்படுவது வலிக்கும் பயன்படும் என்று கொள்வதற்கில்லை.

ஆஸ்திரேலியாவில் எண்டோமெட்ரியோசிஸ் உள்ள 484 பெண்களிடம் நடத்திய கணக்கெடுப்பு 2019இல் வெளியானது. சுயமாக வலியைச் சமாளிக்க முயன்றவர்களுள் 13 விழுக்காட்டினர் கஞ்சாவைப் பயன்படுத்தியிருந்தனர். அதன் பயனுக்கு அவர்கள் 10க்கு 7.6 மதிப்பெண் அளித்தனர். அப்பெண்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் மாதந்தோறும் ஏறி இறங்கும் வலி இது. மிகக் கடுமையான நாளில் எதை உட்கொண்டாலும், பின்னர் வலி தணியும்போது அதுவே தணித்ததாகத் தோன்றும்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு கபாபென்டின். நாள்பட்ட இடுப்பறை வலிக்கு மருத்துவர்களாகிய நாங்களே நம்பிக்கையுடன் எழுதித் தந்த மருந்து அது. பிரிட்டனில், லேப்ராஸ்கோப்பியில் காரணம் எதுவும் தென்படாத வலியுடைய 306 பெண்களுக்குக் கபாபென்டினோ மருந்தற்ற போலி மாத்திரையோ குலுக்கல் முறையில் தரப்பட்டது. 2020இல் முடிவு வெளிவந்தபோது, மிகக் கடுமையான வலிக்கான சராசரி மதிப்பெண் மருந்து பெற்றோரிடம் 7.1, போலி மாத்திரை பெற்றோரிடம் 7.4. பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. தலைசுற்றலும் அயர்வும் மட்டும் மருந்து பெற்றோருக்கு மிகுதி. இந்த முடிவைப் படித்த நாளில், நான் எழுதிய சீட்டுகளை எண்ணிப் பார்த்தேன்.

சி.பி.டி.யும் இதே சோதனையைத் தாண்ட வேண்டும். பலவகை வலிகளுக்கு நடந்த 16 ஆய்வுகளைப் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர் குழு தொகுத்துப் பார்த்தபோது, 15இல் அது போலி மருந்தை விஞ்சவில்லை. எனினும் அந்த வலிகள் வேறு. எண்டோமெட்ரியோசிஸ் வலி வேறு. அதனால் கதவு மூடிவிடவில்லை. அமெரிக்காவின் ஹெர்ஷி மருத்துவ மையம் இதற்கென்றே ஓர் ஆய்வைப் பதிவு செய்துள்ளது. பங்கேற்போர் அனைவருக்கும் வழக்கமான ஹார்மோன் மாத்திரை. அதனுடன் சிலருக்குச் சி.பி.டி., சிலருக்குப் போலி மருந்து. எவரையும் சிகிச்சையின்றி விடாத இவ்வமைப்பு எனக்கு உவப்பானது.

இதற்கிடையில் இணையத்தில் வாங்க எண்ணுவோர் அறிய வேண்டியவை சில. 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இணையத்தில் வாங்கிய 84 சி.பி.டி. பொருள்களுள் 26 மட்டுமே சீட்டில் குறித்த அளவைக் கொண்டிருந்தன, 18இல் டி.எச்.சி.யும் இருந்தது. சி.பி.டி. கல்லீரல் நொதிகளை உயர்த்தக்கூடும். இரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின், சில வலிப்பு மருந்துகள் ஆகியவற்றின் அளவையும் மாற்றக்கூடும். கருவுற்றிருப்போரும் பாலூட்டுவோரும் குழந்தைக்காக முயல்வோரும் இதைத் தவிர்க்க வேண்டும். இந்நோயாளிகளில் பலர் மூன்றாம் வகையினர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஏற்கெனவே பயன்படுத்தி வருவோர் எங்களிடம் மறைக்க வேண்டாம்; கடிந்துகொள்ள மாட்டோம். அடுத்த முறை வரும்போது அந்தக் குப்பியையும், வலி வந்த நாள்களைக் குறித்த தாளையும் உடன் கொண்டுவாருங்கள்.