பொன்னில் பதிந்த அரசி

பசிபிக் பெருங்கடலில், நியூசிலாந்துக்கு வடகிழக்கே, சுமார் 170 தீவுகளைக் கொண்ட டோங்கா என்னும் சிறிய நாடு உள்ளது. அந்நாட்டின் அரசி சலோட்டேயின் உருவம் தாங்கிய பொற்காசின் வரலாறு சுவையானது.

முற்காலத்தில் டோங்காவில் சொந்தக் காகித நோட்டுகள் இருந்தும், புழங்கிய காசுகள் பிற நாட்டுக் காசுகளே. தனக்கென முதன்முதலாகக் காசு அடித்தபோது, அந்நாடு செம்பையோ வெள்ளியையோ நாடாமல் பொன்னையே தேர்ந்தது. 1962 என ஆண்டு பொறித்த அக்காசின் பெயர் 'கௌலா'. டோங்கா மொழியில் அதற்குப் பொன் என்று பொருள்.

கௌலா, அரைக் கௌலா, கால் கௌலா என மூவகைக் காசுகள் வெளிவந்தன. மூன்றும் 22 காரட் தங்கம். ஒரு கௌலாவின் எடை 32.5 கிராம், கால் கௌலாவின் எடை 8 கிராமுக்குச் சற்றே அதிகம். நம் தாய்மார் நகைக்கடையில் கேட்கும் ஒரு பவுனும் 8 கிராம்தானே! ஆகவே ஒரு கௌலா ஏறக்குறைய நான்கு பவுன்.

காசின் ஒருபுறம் அரசி. மறுபுறம் நாட்டின் சின்னம். அச்சின்னத்திலுள்ள மூன்று நட்சத்திரங்கள் மூன்று பெருந்தீவுக் கூட்டங்களையும், மூன்று வாள்கள் மூன்று அரச மரபுகளையும் குறிக்கும். ஒலிவக் கிளை ஏந்திய புறா சமாதானத்தைக் குறிக்கும்.

இப்பெருமைக்கு அரசி தகுதியானவரா? 1900-இல் பிறந்த சலோட்டே, 1918-இல் தந்தை மறைந்தபின் பதினெட்டு வயதில் அரியணை ஏறினார். நம்மைவிட மூன்றே வயது மூத்தவர்! பாடல்கள் இயற்றுவதில் வல்லவர். பெண்களின் கைத்தொழிலும் இல்லறமும் உயர 1953-இல் ஓர் அமைப்பை நிறுவினார். அவர் பெயரால் தலைநகர் நுக்குவலோபாவில் பெண்கள் கல்லூரி ஒன்றும் விளங்குகிறது. 1953 ஜூன் 2 அன்று லண்டனில் எலிசபெத் அரசியின் முடிசூட்டு ஊர்வலம் நடந்தது. கொட்டும் மழையிலும் தம் வண்டியின் கூரையை மூடவிடாமல், நனைந்தபடியே புன்னகையுடன் கையசைத்துச் சென்றார் சலோட்டே. வீதியெங்கும் கூடியிருந்த மக்களின் உள்ளம் அவர் வசமாயிற்று.

நாலு பவுன் காசை எத்தனை ஏழைகள் கையில் ஏந்த முடியும்? அது சந்தையில் புழங்கிய காசன்று. சேகரிப்போர் பெட்டியிலேயே பெரும்பாலும் தங்கியது. ஆனால் 1963-இல் அக்காசின் நினைவாக, காசைப்போலவே வட்டமான, தங்கத் தகடு ஒட்டிய தபால்தலைகளை டோங்கா வெளியிட்டது. ஒரு பென்னிக்கும் அத்தபால்தலை கிடைத்தது. பெட்டியில் பூட்டிய அரசி கடிதங்களின்மேல் ஏறி உலகைச் சுற்றி வந்தார்!

1965-இல் சலோட்டே மறைந்தார். 1970-இல் டோங்கா முழு விடுதலை பெற்றது. பொன்னின் விலை நாளுக்கு நாள் ஏறும், இறங்கும். மழையில் நனைந்த அந்தப் பணிவின் மதிப்போ என்றும் குறையாது. தோழியரே, நம் பெயர் பொன்னில் பதியாவிட்டாலும் பிறர் நெஞ்சில் பதியுமாறு வாழ்வோமாக!