புயல் எண்ணிக்கையில் நம்ம வங்கக்கடலுக்கு எந்த இடம்?



ஐப்பசி பிறந்துட்டா போதும், நம்ம ஊர்ல எல்லார் வாயிலும் ஒரே பேச்சுதான். "கடல்ல தாழ்வு நிலை உண்டாயிருக்காம், கூண்டு ஏத்திட்டாங்களாம்" என்பார்கள். இதையே வருஷா வருஷம் கேட்டுக் கேட்டு, உலகத்திலேயே அதிகமான புயல் நம்ம வங்கக்கடலில்தான் வருது என்று பல பேர் நம்புகிறார்கள். அது உண்மையா? ஒவ்வொரு கடலிலும் எத்தனை புயல் வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்து இந்தக் கட்டுரையை எழுதியிருக்கிறேன்.

எதைப் புயல் என்கிறோம்?

கடலில் சுழலும் காற்று எல்லாமே புயல் ஆகிவிடாது. காற்றின் வேகம் மணிக்கு 31 கி.மீ. முதல் இருந்தால் அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 51 கி.மீ. முதல் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62 கி.மீ.யைத் தொட்டால்தான் நம் வானிலைத் துறை புயல் என்று அறிவித்துப் பெயர் வைக்கும். 118 கி.மீ.யைத் தாண்டினால் மிகத் தீவிரப் புயல்.

இதே சுழல்காற்றை அமெரிக்கா பக்கம் ஹரிக்கேன் என்றும், ஜப்பான், சீனா, பிலிப்பைன்ஸ் பக்கம் டைபூன் என்றும் சொல்கிறார்கள். பெயர்தான் வேறு, பொருள் ஒன்றுதான். நாம் சொல்லும் சைக்ளோன் என்ற சொல்லை 1848-ல் உண்டாக்கியவர், கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்பவர்.

உலகக் கணக்கு (ஓர் ஆண்டுக்குச் சராசரியாக, சுமாராக)

1. வடமேற்கு பசிபிக் (பிலிப்பைன்ஸ், ஜப்பான், சீனா) - 25
2. ஆஸ்திரேலியாவின் இரு பக்கமும், தென் பசிபிக்கும் சேர்த்து - 16
3. வடகிழக்கு பசிபிக் (மெக்சிகோவுக்கு மேற்கே) - 15
4. வட அட்லாண்டிக் - 14
5. தென்மேற்கு இந்தியப் பெருங்கடல் (மடகாஸ்கர், மொரிஷியஸ்) - 10
6. வட இந்தியப் பெருங்கடல் (வங்கக்கடலும் அரபிக்கடலும்) - 5

கூட்டிப் பாருங்கள், 85 வருகிறது. அதில் நமக்கு 5. அதாவது உலகத்தில் 100 புயல் வந்தால் நம்ம பக்கம் வருவது 6 கூட முழுசா இல்லை. அந்த ஐந்திலும் நான்கு வங்கக்கடலில், ஒன்று அரபிக்கடலில் என்பது பழைய வழக்கம். 2019-ம் ஆண்டு தலைகீழாக, மொத்தம் 8 புயலில் 5 அரபிக்கடலில் உண்டாயின.

பிரேசிலுக்குக் கிழக்கே உள்ள தென் அட்லாண்டிக்கில் புயலே அபூர்வம். 2004 மார்ச்சில் கத்தரீனா என்ற ஒரு புயல் பிரேசில் கரையைத் தாக்கியபோது வானிலை அறிஞர்களே வியந்தார்கள்.

நமக்கு ஏன் குறைவு?

புயலுக்குச் சாப்பாடு வெந்நீர் மாதிரி சூடான கடல்நீர்தான். மேல்மட்டத்தில் சுமார் 50 மீட்டர் ஆழம் வரைக்கும் 26.5 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூடு வேண்டும். வடமேற்கு பசிபிக்கில் அப்படிப்பட்ட நீர் பரந்து கிடக்கிறது. புயல் நாள்கணக்கில் ஓடிப் பெருக இடமும் இருக்கிறது. வங்கக்கடலிலும் நீர் நல்ல சூடுதான். ஆனால் மூன்று பக்கமும் தரை இருப்பதால் புயல் வளர்வதற்குள் கரை வந்துவிடுகிறது.

இன்னொரு காரணம் தென்மேற்குப் பருவக்காற்று. ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை கீழே காற்று ஒரு திசையிலும், மேலே பல கி.மீ. உயரத்தில் எதிர்த்திசையிலும் வேகமாக அடிக்கும். சுழல் நேராக நிற்க முடியாமல் கலைந்துபோகும். அதனால்தான் நமக்குப் புயல் காலம் இரண்டு துண்டாக, பருவமழைக்கு முன்னால் ஏப்ரல், மே ஒட்டியும், பின்னால் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் வருகிறது. நம் கரைக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

எண்ணுவதிலும் சிக்கல் உண்டு

ஒப்பிடும்போது மூன்று விஷயம் கவனிக்க வேண்டும்.

(அ) காற்றின் வேகத்தை அமெரிக்காவில் 1 நிமிடச் சராசரியாகவும், நம் நாட்டில் 3 நிமிடச் சராசரியாகவும், வேறு பல நாடுகளில் 10 நிமிடச் சராசரியாகவும் சொல்கிறார்கள். குறைந்த நேரச் சராசரி எடுத்தால் எண் கூடுதலாக வரும். படி வேறாக இருந்தால் அரிசியின் அளவும் வேறாகத்தானே தெரியும்?

(ஆ) முதல் வானிலைச் செயற்கைக்கோளான டைரோஸ்-1 ஏவப்பட்டது 1960 ஏப்ரல் 1-ல். அதற்கு முன் நடுக்கடலில் கப்பல் கண்ணில் படாமல் பிறந்து அழிந்த புயல்கள் கணக்கிலேயே சேரவில்லை. ஆகவே, பழைய எண்ணிக்கையையும் புதிய எண்ணிக்கையையும் அப்படியே பக்கத்தில் வைக்கக்கூடாது.

(இ) சில புயல் கடல் விட்டுக் கடல் தாண்டும். 2019 ஜனவரியில் பபுக் புயல் தென்சீனக் கடலில் உண்டாகி, தாய்லாந்தைத் தாண்டி அந்தமான் கடலுக்கு வந்தது. அது இரண்டு கடலின் கணக்கிலும் ஏறியது.

எண்ணிக்கையில் கடைசி, உயிர்ச்சேதத்தில் முதல்

இங்கேதான் என் கட்டுரையின் முக்கியமான செய்தி. ஒரு லட்சத்துக்கு மேல் உயிர்களை வாங்கிய உலகப் புயல்களில் பெரும்பாலானவை வங்கக்கடலில் பிறந்தவை.

1970 நவம்பர், இன்றைய வங்காளதேசம் - 3 லட்சத்துக்கும் மேல்
1991 ஏப்ரல், வங்காளதேசம் - சுமார் 1,38,000
2008 மே, மியான்மர், நர்கிஸ் புயல் - இறந்தவர், காணாமற்போனவர் சேர்த்து சுமார் 1,38,000
1977 நவம்பர், ஆந்திராவின் திவிசீமா - சுமார் 10,000
1999 அக்டோபர், ஒடிசா - சுமார் 10,000

நம் தமிழ்நாட்டில் 1964 டிசம்பரில் தனுஷ்கோடி ஊரே அழிந்தது. ரயிலோடு பயணிகளும் கடலில் போனார்கள்.

வருவது குறைவு, சாவு மட்டும் ஏன் அதிகம்? வங்கக்கடல் வடக்கே போகப் போகப் புனல் மாதிரி குறுகுகிறது. ஆழமும் குறைகிறது. புயல் தள்ளிக்கொண்டு வரும் தண்ணீருக்குப் பக்கத்திலும் போக வழியில்லை, அடியிலும் போக வழியில்லை. மேலே எழும்பிக் கரைக்குள் புகுகிறது. இதற்குப் புயல் அலை எழுச்சி என்று பெயர். கரையோ தாழ்வு, மக்களோ நெருக்கம், வீடுகளோ குடிசை. காற்றைவிட இந்தத் தண்ணீர்தான் அதிகம் பேரைக் கொன்றது.

நம்ம கரைக்கு எதிரே கடல் சீக்கிரம் ஆழமாகிவிடுவதால் அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் எழும்பாது. ஆனாலும் பழவேற்காடு ஏரி ஆழமில்லாதது. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே வரும். அதே நேரம் மேற்கேயிருந்து ஆரணியாற்று வெள்ளமும் வந்து சேரும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது நாம்.

கணக்கில் வராத ஆபத்து

2015 டிசம்பர் 1-ல் சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களை மூழ்கடித்த மழை புயலால் பெய்தது இல்லை. புயல் பட்டியலில் தேடினால் அந்த நாள் கிடைக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரை கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. ஆனால் வெள்ளத்தில் தவித்தது நாமும்தான்.

2017-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு அட்லாண்டிக்கில் பெயர் வைத்த புயல் 17. நம்ம பக்கம் மூன்றே மூன்று. சராசரியைவிடக் குறைவு, நல்ல வருஷம் என்றுதானே எண் சொல்கிறது? அந்த மூன்றில் ஒன்றுதான் ஒக்கி. நவம்பர் 29-ல் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாளே புயலாகிக் கன்னியாகுமரிக்குத் தெற்கே போனது. ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்த தமிழ்நாடு, கேரள மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை. ஒரு வருஷத்தில் எத்தனை புயல் என்பது அந்தக் குடும்பங்களுக்கு என்ன ஆறுதல் தரும்?

எச்சரிக்கை செய்த மாற்றம்

ஒடிசாவையே பாருங்கள். 1999-ல் சுமார் 10,000 பேர் இறந்த அதே மாநிலத்தில், 2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தபோது சுமார் 10 லட்சம் பேரை முன்கூட்டியே பாதுகாப்பான இடத்துக்கு மாற்றினார்கள். இறந்தவர் எண்ணிக்கை 100-ஐக்கூட எட்டவில்லை. கடல் மாறவில்லை. சேதி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, ஜனங்களும் கேட்டார்கள், போய் ஒதுங்கக் கட்டடமும் இருந்தது.

கூண்டு சொல்வது என்ன? (வெட்டி எடுத்து வீட்டில் ஒட்டலாம்)

1, 2 - புயல் தூரத்தில் உள்ளது
3, 4 - துறைமுகத்தில் மோசமான வானிலை
5, 6, 7 - அபாயம்
8, 9, 10 - பெரும் அபாயம்
11 - வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது

"ஒண்ணாம் நம்பர்தானே, போயிட்டு வந்துடலாம்" என்று சொல்வார்கள். ஒன்று என்றால் புயல் சின்னது என்று பொருள் கிடையாது, தூரத்தில் இருக்கிறது என்றுதான் பொருள். தூரத்தில் இருப்பது கிட்டே வர எவ்வளவு நேரம் ஆகும் என்பதை ஒக்கி காட்டிவிட்டது.

ஆகவே நண்பர்களே, உலகப் பட்டியலில் நாம் கடைசி இடம் என்று படித்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். ரேடியோ சேதியைக் கேட்டு, கடலுக்குப் போகும் அப்பாவிடமும் அண்ணனிடமும் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த நாம்தான் வீட்டுக்கு வானிலை நிலையம்.

சிந்திக்க: நமக்கு ஏப்ரல், மே மாதத்தில் வரும் புயலைவிட ஐப்பசி, கார்த்திகைப் புயலால் வெள்ளம் அதிகம் வருவது ஏன்? விடையை எழுதி அறிவியல் ஆசிரியரிடம் கொடுங்கள்.