பெரி மேசன் தோற்ற வழக்கு

தொலைக்காட்சியில் நீதிமன்ற நாடகம் பார்க்கும் அன்பர்கள், சட்டம் பயிலும் என்னைக் கண்டால், “அங்கே உண்மையில் இப்படித்தான் நடக்குமா?” என்று வினவுவதுண்டு. பொதுவாக விடை சொல்வதைவிட, ஒரு கதையை எடுத்துக்கொண்டு ஆராய்வது நலம் எனக் கருதுகிறேன்.

அமெரிக்காவில் 1957 முதல் 1966 வரை ஒளிபரப்பான ‘பெரி மேசன்’ தொடர் 271 கதைகளைக் கொண்டது. அதன் மாந்தரைப் படைத்த எர்ல் ஸ்டான்லி கார்ட்னர், கலிபோர்னியாவில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தவர். மேசனாக ரேமண்ட் பர் நடித்தார். பெரும்பாலான கதைகளின் போக்கு ஒன்றே: குற்றமற்ற ஒருவர்மீது கொலைப்பழி விழும்; மேசன் குறுக்கு விசாரணை செய்வார்; உண்மைக் கொலையாளி நீதிமன்றத்திலேயே மனம் உடைந்து ஒப்புக்கொள்வார். அரசு வழக்கறிஞர் ஹாமில்டன் பர்கர்மீது எனக்கு இரக்கமே உண்டு. தோற்பதற்கென்றே சம்பளம் வாங்கும் மனிதர் போலும்!

1963-இல் வந்த ‘தி கேஸ் ஆஃப் தி டெட்லி வெர்டிக்ட்’ என்னும் கதை இந்தப் போக்கைத் தலைகீழாக்கியது. இறுதியில் வரவேண்டிய தீர்ப்பு தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. மேசனின் கட்சிக்காரியான ஜேனிஸ் பார்ட்டன் குற்றவாளி என்று ஜூரிமார் கூறிவிடுகின்றனர். மரண தண்டனையும் விதிக்கப்படுகிறது. வெல்வாரா என்ற வினா அங்கேயே மடிந்துவிட, தண்டனை நாளுக்குள் உண்மை வெளிப்படுமா என்ற அச்சமே மீதிக் கதையை நடத்துகிறது.

மேசன் தோற்றது ஏன்? கட்சிக்காரி தம் வழக்கறிஞரிடமே உண்மையை மறைத்தார். சட்டம் பயில்வோர் இவ்விடத்தில் சற்று நிற்கவேண்டும். கட்சிக்காரர் தொழில்முறையில் சொன்னதை அவர் இசைவின்றி வழக்கறிஞர் வெளியிடலாகாது என்பது அமெரிக்காவிலும் நம் நாட்டிலும் உள்ள விதி. நம் 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு இதையே கூறியது. அதன் இடத்தில் 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் இதைக் கைவிடவில்லை. அஞ்சாமல் முழுதும் சொல்லட்டும் என்பதற்காகவே அந்தக் காப்பு. அதைப் பயன்படுத்தாத கட்சிக்காரருக்கு எவ்வளவு திறமையான வழக்கறிஞரும் இருட்டில் நின்றே வாதாட நேர்கிறது.

இந்தக் கதையில் ஜூரி இருப்பதும் கவனிக்கத்தக்கது. தொடரின் பெரும்பாலான கதைகளில் நாம் காண்பது முழு விசாரணையன்று. நீதிபதி மட்டும் அமர்ந்து, வழக்கை மேலே அனுப்பப் போதிய முகாந்தரம் உண்டா என்று பார்க்கும் பூர்வாங்க விசாரணை. அந்தக் கட்டத்தில் நடைமுறை வழக்கறிஞர் தம் கையிருப்பைப் பெரும்பாலும் காட்டமாட்டார். பின்னால் வரும் முழு விசாரணைக்கென்று வைத்துக்கொள்வார். மேசனோ அங்கேயே அனைத்தையும் கொட்டிவிடுகிறார். நம் நாட்டிலும் கொலை வழக்கை செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு அனுப்புமுன் சாட்சிகளை விசாரிக்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதை நீக்கிவிட்டது.

மற்றொன்றும் சொல்லவேண்டும். உண்மைக் கொலையாளியைப் பிடித்துக் கொடுப்பது எதிரியின் வழக்கறிஞருடைய கடமையன்று. குற்றத்தை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கும் சுமை அரசுத் தரப்பைச் சேர்ந்தது. நியாயமான ஐயம் எழுந்தால் விடுதலை. ஆனால் ஜேனிஸ் பார்ட்டனின் நிலை வேறு. தண்டனை பெற்றபின் ஐயத்தை எழுப்பினால் மட்டும் போதாது. ஆதலால், மேசன் கொலையாளியைத் தேடி அலைவது இந்த ஒரு கதையிலேனும் சட்டத்துக்கு மிக நெருங்கி நிற்கிறது. இறுதியில் உண்மை வெளிப்பட்டு அப்பெண் தப்புகிறார். கார்ட்னர் 1948-இல் தொடங்கிய ‘கோர்ட் ஆஃப் லாஸ்ட் ரிசார்ட்’ என்னும் முயற்சி, தவறாகத் தண்டிக்கப்பட்டோரின் வழக்குகளை மீண்டும் துருவிப் பார்ப்பதற்கென்றே அமைந்தது.

2009-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றப் பதவிக்கு முன்மொழியப்பட்ட சோனியா சோட்டோமேயர், தம் இளமையில் சட்டத்தின்பால் தம்மை ஈர்த்தவற்றுள் இத்தொடரும் ஒன்று என்றார். அவர் மனத்தில் பதிந்தவர் மேசனல்லர். குற்றமற்றவர் விடுதலையாவதும் நீதியே என்று கூறிய அரசு வழக்கறிஞர். மேசன் தோற்ற வழக்கு எது என்று செனட்டர் அல் ஃப்ராங்கன் அவரிடம் கேட்டார். அது அவருக்கு நினைவில்லை.