கனோபியை ஏன் விட்டுவிட்டீர்கள்?



பிளையிங் ஆபீசர் நிர்மல்ஜித் சிங் செகோனைப் பற்றிய உங்கள் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1971 இந்திய-பாகிஸ்தான் போர், டிசம்பர் 14 காலை. பெஷாவரிலிருந்து வந்த ஆறு சேபர் விமானங்கள் ஸ்ரீநகர் ஓடுபாதையைத் தாக்குகின்றன. முன்னால் கிளம்பிய சக விமானி கும்மனின் நாட் விமானம் கிளப்பிவிட்ட புழுதியில் செகோன் தாமதிக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சில நொடிகளை எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த ஒரு பத்திக்காகவே உங்களை உச்சிமுகரலாம். போரைத் தமிழில் இவ்வளவு கிட்டத்தில் போய் எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் கடைசி வரி எனக்கு ஆறவே இல்லை. சிரித்த முகத்தோடு சாவைத் தழுவினார் என்று முடித்துவிட்டீர்கள்.

அந்த முகத்தை யார் பார்த்தார்கள்? மேலே ஏறியதுமே மூட்டத்தில் கும்மனின் கண்ணிலிருந்து அவர் மறைந்துவிட்டார். நம்மிடம் இருக்கும் தடயம் வேறொன்றைச் சொல்கிறது. அவருடைய விமானத்தின் கனோபி கழன்று பறந்தது காணப்பட்டிருக்கிறது; விமானியின் தலைக்கு மேல் இருக்கும் கண்ணாடி மூடி அது. கடைசிக் கணத்தில் அவர் வெளியேற முயன்றிருக்கிறார் என்றே அதை வைத்துக் கருதுகிறார்கள். சண்டை நடந்ததோ மரங்களின் உச்சியை ஒட்டி. பாராசூட் விரிவதற்கு உயரம் போதவில்லை. இவ்வளவு விவரம் திரட்டிய நீங்கள் இதைப் படிக்காமல் இருந்திருக்க முடியாது. தெரிந்தே விட்டிருக்கிறீர்கள். தப்பிக்கப் பார்த்தார் என்று எழுதினால் வீரம் குறைந்துவிடும் என்று பயந்திருக்கிறீர்கள்.

குறையாது, தம்பி. குண்டு விழும் ஓடுபாதையில் விமானத்தைக் கிளப்பிய அந்த நிமிடத்திலேயே அவருடைய துணிவு நிரூபணமாகிவிட்டது. செயலிழந்த விமானத்திலிருந்து வெளியேறுவது கோழைத்தனமும் அல்ல. விமானிக்கு அதற்கும் பயிற்சி கொடுக்கிறார்கள். விமானம் போனால் இன்னொன்று செய்துகொள்ளலாம், தேர்ந்த விமானியை உருவாக்க ஆண்டுக்கணக்கில் ஆகும் என்பது எந்த விமானப்படைக்கும் தெரியும். அதைவிட முக்கியம், வாழ ஆசைப்பட்ட ஒருவர் மேலே போனார் என்பதில்தான் அந்தச் செயலின் எடை இருக்கிறது. சாவை விரும்பியவர் சாவில் எதை இழந்தார்? உங்கள் வரி அவரிடமிருந்து அந்த இழப்பையே பறித்துவிடுகிறது.

பரணி பாடிய மொழியில் எழுதுகிறவன் கொஞ்சம் மிகைப்படுத்தக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். பரணி அரசனுக்குப் பாடியது. செத்தவனுக்கு நம் ஊரார் வைத்தது நடுகல். செங்கம் பகுதி நடுகற்களை எடுத்துப் பாருங்கள்: எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்தத் தொறுவுக்காக, அதாவது மாட்டு மந்தைக்காக, நடந்த சண்டை, பட்டவன் யார், அவ்வளவுதான். எடுத்தனூர்க் கல்லில் வீரனுடைய நாய்க்கும் இடம் உண்டு. கோவிவன் என்று அதன் பெயரைக்கூட வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் வீரன் சிரித்தானா அழுதானா என்று அந்தக் கல் சொல்வதில்லை. பார்க்காததை வெட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு அந்தச் சிற்றுளிக்கு இருந்திருக்கிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த நாய் நம் மனத்தில் நிற்பது அதனால்தான்.

சேபர்களின் எண்ணிக்கையையும் திருத்துங்கள். எத்தனை சேதமடைந்தன என்பதில் இரு நாட்டுக் கணக்கும் ஒத்துப்போவதில்லை. நீங்களோ சுட்டு வீழ்த்தினார் என்று உறுதியாக எழுதுகிறீர்கள். எதிரியின் கணக்கை நாம் ஏன் மதிக்க வேண்டும் என்று வாசகர் கேட்கக்கூடும். அன்று செகோனோடு மோதிய பாகிஸ்தான் விமானி ஒருவரே பின்னாளில் அவர் திறமையைப் பாராட்டி எழுதியிருக்கிறார். அந்தச் சாட்சியம் வேண்டுமென்றால் அவர்கள் கணக்கையும் காது கொடுத்துக் கேட்டாக வேண்டும். பலரோடு தனியாக நின்று போரிட்டார் என்பது போதும். இந்திய விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே.

மறுபதிப்பு வரும்போது கடைசி வரியை அடித்துவிட்டு அந்தக் கனோபியை அங்கே வையுங்கள். பலமுறை தேடியும் அவர் உடல் கிடைக்கவில்லை.